விதியைச் சொல்பவர் யார்?

(ஸ்ரீபெரும்புதூரில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



'ஃபஸி நிபுணர் அமைப்புகளும் முடிவெடுத்தலும்' என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். தலைப்பைப் பார்த்து மிரள வேண்டாம். 'ஃபஸி லாஜிக்' என்பதை உங்களில் பலர் வீட்டுச் சலவை இயந்திரத்தின் மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரிலேயே படித்திருப்பீர்கள். ஜப்பானின் மட்சுஷிடா நிறுவனம் 1990இல் அந்தப் பெயரைச் சொல்லிச் சலவை இயந்திரம் விற்கத் தொடங்கியது. சில ஆண்டுகளில் அது நம் ஊர்க் கடைக்காரர்களின் வாயிலும் புழங்கியது, விலையை நியாயப்படுத்தும் மந்திரமாக. இங்கே சுங்குவார்சத்திரத்தை ஒட்டி 2007 முதல் இயங்கும் சாம்சங் ஆலையில் சலவை இயந்திரங்களும் தயாராகின்றன. ஆகவே இது நமக்குத் தூரத்து விஷயம் கிடையாது. அந்த ஸ்டிக்கருக்குப் பின்னால் என்ன இருக்கிறது, அதைக்கொண்டு ஆலையிலும் ஏரிக்கரையிலும் முடிவெடுக்க இயலுமா, இயலும் என்றால் யாரைக் கேட்டு எடுப்பது என்பதுதான் இன்றைய பேச்சு. கடைசிக் கேள்விக்கே அதிக நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

மழையிலிருந்து தொடங்குவோம். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கில், 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. பெய்தால் கனமழை. 115.6 மி.மீ. பெய்தால் மிகக் கனமழை. 204.4 மி.மீ. தாண்டினால் அதீத கனமழை. அறிக்கை எழுதுவதற்கு இப்படி ஒரு கோடு வேண்டும்தான். ஆனால் 64.4 மி.மீ. பெய்த ஊரில் தெரு நனையாமலா இருந்தது? ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அதிகமானதால் வாய்க்கால் திடீரென்று பொங்கியதா? கோடு காகிதத்தில் இருக்கிறது. தண்ணீருக்கு அது தெரியாது.

பாகூவில் பிறந்து, அமெரிக்காவின் பெர்க்லியில் பேராசிரியராக இருந்த லோட்ஃபி ஸாதே 1965இல் எழுதிய கட்டுரை இந்த இடத்தில்தான் கை வைத்தது. ஒரு பொருள் ஒரு கணத்தில் உண்டு அல்லது இல்லை என்பது பழைய கணிதம். எந்த அளவுக்கு உண்டு என்று 0 முதல் 1 வரை மதிப்புக் கொடுக்கலாம் என்றார் அவர். 64.4 மி.மீ. மழை 'கனமழை' என்ற கணத்தில் ஏறத்தாழ 64.5 மி.மீ. அளவுக்கே சேரும். 30 மி.மீ. மழை கொஞ்சமாகச் சேரலாம், அல்லது சேராமலே போகலாம். எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பதை வரைபவர் சொல்ல வேண்டும். கட்டுப்பாட்டுக் கோட்பாட்டில் பெரும் பெயரான ருடால்ஃப் கால்மன் உட்படப் பலர் இதைக் கேலி செய்தார்கள். இது நிகழ்தகவின் முகமூடி என்றவர்களும் உண்டு. நாளை மழை வருமா என்பது நிகழ்தகவின் கேள்வி. வந்த மழையைக் கனமழை என்று எந்த அளவுக்குச் சொல்லலாம் என்பது ஸாதேயின் கேள்வி. இரண்டையும் குழப்பாமல் இருந்தால் சண்டையில் பாதி தீர்ந்துவிடும்.

இதை முடிவெடுப்பதற்கு எப்படிப் பயன்படுத்துவது? நம் பக்கத்துச் செம்பரம்பாக்கம் ஏரியையே எடுத்துக்கொள்கிறேன். ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்து ஏரிகள் பலவற்றின் உபரிநீர் அங்கேதான் போய்ச் சேர்கிறது. ஏரியின் முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 டிசம்பர் 1ஆம் தேதி நொடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிடப்பட்டு, அடையாற்றின் இரு கரையும் என்ன ஆயின என்பதை இங்கே யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. அந்த ஒரு நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. இந்தியக் கணக்குத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை பிறகு ஏரியின் நீர் மேலாண்மையைக் கடுமையாகக் குறை சொன்னது. அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. மதகுக்குப் பொறுப்பான ஒரு பொறியாளரின் மேசைக்கு என்னென்ன வந்து சேர்கிறது என்பதை மட்டும் பாருங்கள். ஏரி 'கிட்டத்தட்ட' நிரம்பியிருக்கிறது. மழை 'பலமாக' வரும் என்கிறார்கள். ஆற்றோரத்தில் 'கணிசமான' மக்கள் இருக்கிறார்கள். அடுத்த கோடைக்குக் குடிநீர் 'போதிய அளவு' தேக்க வேண்டும். வருகிற செய்தி எல்லாம் சொல்லில். கையெழுத்துப் போட வேண்டிய உத்தரவு மட்டும் எண்ணில்.

ஃபஸி நிபுணர் அமைப்பு இந்த இடைவெளியில் உட்காருகிறது. அனுபவஸ்தரின் வாய்மொழியை 'இப்படியானால் இப்படிச் செய்' என்ற விதிகளாக அது வைத்துக்கொள்ளும். ஒரு சிறு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் விளக்கத்துக்காக நானே வைத்தவை. யாரும் மதகைத் திறந்துவிட வேண்டாம்.

ஏரி 18 அடியில் இருக்கும்போது 'நிறைவு' என்பதன் அளவு 0, 24 அடியில் 1 என்று வைப்போம். இன்று 22 அடி. அப்படியானால் நிறைவின் அளவு மூன்றில் இரண்டு. 'நடுத்தரம்' என்பதன் அளவு மீதி மூன்றில் ஒன்று. மழையில் 'பலம்' என்பதை 40 மி.மீ.யில் 0 என்றும் 120 மி.மீ.யில் 1 என்றும் வரைவோம். எதிர்பார்ப்பது 100 மி.மீ. என்றால் பலத்தின் அளவு 0.75. முதல் விதி, ஏரி நிறைவாகவும் மழை பலமாகவும் இருந்தால் 10,000 கன அடி திற. இரண்டாவது விதி, ஏரி நடுத்தரமாகவும் மழை பலமாகவும் இருந்தால் 4,000 கன அடி திற. 'இதுவும் அதுவும்' என்று வரும்போது இரண்டில் சிறியதை எடுப்பது வழக்கம். ஆகவே முதல் விதி மூன்றில் இரண்டு பங்கு வலுவோடு பேசுகிறது, இரண்டாவது மூன்றில் ஒரு பங்கு வலுவோடு. இரண்டையும் அந்த எடைப்படி சராசரி போட்டால் 8,000 கன அடி. நீர்மட்டம் ஓர் அங்குலம் ஏறினால் விடையும் கொஞ்சம் ஏறும். கோட்டைத் தாண்டும்வரை மதகு சும்மா கிடந்து, தாண்டியதும் ஒரேயடியாகத் திறக்கும் கதை இதில் கிடையாது. மழை பலமாக இல்லாதபோது என்ன செய்வது என்பதற்கு இந்த இரண்டு விதிகள் போதாது, அதற்குத் தனி விதிகள் எழுத வேண்டும்.

இது வகுப்பறை விளையாட்டு என்று நினைக்காதீர்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலிருந்து பாணிகிரஹி, முஜும்தார் இருவரும் கர்நாடகத்தின் மலப்பிரபா நீர்த்தேக்கத்துக்கு இத்தகைய விதித்தொகுதியை அமைத்து 2000இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். இருப்பு, நீர்வரத்து, பாசனத் தேவை ஆகிய மூன்றும் உள்ளே போகும். எவ்வளவு திறப்பது என்பது வெளியே வரும். இந்த முறையின் பெரிய லாபம் துல்லியத்தில் இல்லை என்பது என் கருத்து. 8,000 என்ற விடையைக் காட்டி 'ஏன்?' என்று மாவட்ட ஆட்சியர் கேட்டால், எந்த விதி எவ்வளவு வலுவோடு பேசியது என்று அவருக்குத் தமிழிலேயே வாசித்துக் காட்டலாம். லட்சக்கணக்கான எடைகளைச் சுமந்து நிற்கும் இன்றைய நரம்பியல் வலைப்பின்னல்கள் பலவற்றால் அது முடிவதில்லை.

சரி, விதிகள் எங்கிருந்து வந்தன? லண்டன் குயின் மேரி கல்லூரியில் இப்ராஹிம் மம்தானி ஒரு சிறு நீராவி இயந்திரத்தை வைத்துக்கொண்டு, அசிலியான் என்ற மாணவரோடு சேர்ந்து 1970களின் நடுவில் முதல் ஃபஸி கட்டுப்பாட்டுக் கருவியை இயக்கிக் காட்டினார். மம்தானி தான்சானியாவில் பிறந்து இந்தியாவில் படித்தவர். இயந்திரத்தை ஓட்டுகிறவர் வாயால் என்ன சொல்வாரோ, அதுவே அங்கே விதி. 'அழுத்தம் ரொம்பக் குறைவு, இன்னும் இறங்கிக்கொண்டே இருக்கிறது என்றால் சூட்டை நன்றாக ஏற்று.' அவ்வளவுதான். டென்மார்க்கின் எஃப்.எல். ஸ்மித் நிறுவனம் சிமெண்ட் சூளைக்கு இதைக் கொண்டுபோனபோதும் சூளைக்காரரின் அனுபவமே விதியாயிற்று. ஜப்பானின் செண்டாய் நகரத்துச் சுரங்க ரயில் 1987இல் ஓடத் தொடங்கியது. ஹிட்டாச்சி அமைத்த அதன் கட்டுப்பாட்டு முறை, கைதேர்ந்த ஓட்டுநர் பிரேக் பிடிக்கும் பக்குவத்தைப் பார்த்து எழுதப்பட்டது. நின்றுகொண்டு வரும் பயணி தள்ளாடாமல் வண்டியை நிறுத்துவது எப்படி என்பதை ஒரு சமன்பாடு அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை.

கேட்டவுடன் அனுபவஸ்தர் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார் என்பது புத்தகப் பொறியாளரின் நம்பிக்கை. ராமானுஜர் பிறந்த மண்ணில் நின்று பேசுவதால் ஒன்றைச் சொல்லலாம். திருமந்திரப் பொருளைக் கேட்க அவர் திருக்கோட்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை நடந்தார் என்பது வைணவ மரபு. பெற்றதைக் கோபுரத்தின் மேல் ஏறி எல்லோருக்கும் சொன்னதைத்தான் நாம் கொண்டாடுகிறோம். அந்தப் பதினெட்டு நடையைப் பேசுவதில்லை. நிபுணர் அமைப்பு கட்டுகிறவருக்கு முதல் வேலை அந்த நடைதான்.

ஒரு மோட்டார் பேரிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 15 கிலோவாட்டுக்கு உட்பட்ட சிறு இயந்திரத்துக்கு, அதிர்வு நொடிக்கு 4.5 மி.மீ. வேகத்தைத் தாண்டினால் ஆபத்து மண்டலம் என்று ஐ.எஸ்.ஓ. 10816 தரநிலை வகுத்தது. மெயின்டனன்ஸில் இருபது வருடம் வேலை பார்த்த ஃபிட்டரிடம், நேற்றுச் சேர்ந்த பொறியாளர் 'அண்ணே, எப்ப நிறுத்தணும்?' என்று கேட்டால் 4.5 என்று பதில் வராது. 'சூடும் ஏறி, சத்தமும் மாறிப்போச்சுன்னா யோசிக்காம நிறுத்து தம்பி. சூடு மட்டும்னா கிரீஸ் வச்சுட்டு ஒரு மணி நேரம் பாரு. மழைக்காலத்துல வேற மாதிரி' என்பார். இரண்டு விதி வந்துவிட்டது. 'மழைக்காலத்துல வேற மாதிரி' என்பதற்குள் இன்னும் நாலு இருக்கின்றன. அவற்றை வெளியே எடுக்க மறுபடி போக வேண்டும், அதுவும் மழைக்காலத்தில்.

எடுத்த விதி அப்படியே நிற்கவும் நிற்காது. அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மெண்ட் நிறுவனம் 1980 வாக்கில் எக்ஸ்கான் என்ற நிபுணர் அமைப்பைத் தன் உற்பத்தியில் இறக்கியது. அதில் ஃபஸி கிடையாது. ஆனால் ஆலை வேலையில் நிபுணர் அமைப்பு என்றால் முதலில் சொல்லப்படும் பெயர் அது. வாடிக்கையாளர் கேட்ட கணினிக்கு எந்தெந்தப் பாகம் வேண்டும் என்று அது தேர்ந்தெடுத்தது. சில நூறு விதிகளோடு தொடங்கிப் பல ஆயிரத்துக்குப் போயிற்று. புதிய பாகம் வரும்போதெல்லாம் பழைய விதி பொய்யானதால், அவற்றைத் திருத்திக்கொண்டே இருக்க ஒரு குழு நிரந்தரமாகத் தேவைப்பட்டது. நம் நாட்டிலும் 1980களின் நடுவில், மத்திய அரசின் அறிவுசார் கணினி அமைப்புகள் திட்டத்தில், நிபுணர் அமைப்புகளுக்கான பொறுப்பு சென்னை ஐ.ஐ.டி.யிடம் இருந்தது. ஐ.ஐ.டி. இருக்கும் கிண்டிப் பக்கத்துக்கும் இந்த ஊருக்கும் முப்பது, நாற்பது கிலோமீட்டர்தான். அந்த அறிவு அந்தத் தூரத்தைக் கடந்து வந்த வேகம் போதாது என்பது என் குறை.

இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால் பக்கம் வாகன உதிரிபாகம் செய்யும் எந்த வெண்டரிடமும் எஃப்.எம்.இ.ஏ. என்று ஒரு கோப்பு இருக்கும். எது பழுதாகலாம் என்று பட்டியல் போட்டு, விளைவின் கடுமை, நிகழும் வாய்ப்பு, கண்டுபிடிக்கும் சிரமம் மூன்றுக்கும் 1 முதல் 10 வரை மார்க் போட்டு, மூன்றையும் பெருக்குவார்கள். பெரிய எண் வந்தால் முதலில் கவனி என்பது வெகுகாலமாக இருந்த வழக்கம். பிரேக் பாகத்தில் ஒரு குறை: கடுமை 9, வாய்ப்பு 4, கண்டுபிடிப்பு 2. பெருக்கினால் 72. கதவோரத்தில் பெயின்ட் மங்கல்: 3, 6, 4. அதுவும் 72. உயிர் போகிற விஷயமும் கண்ணுக்கு உறுத்துகிற விஷயமும் ஒரே வரிசையில் நிற்கின்றன. 'ஓரளவு', 'அடிக்கடி' என்று மனிதர் சொன்னதை எண்ணாக்கி, அந்த எண்ணை ரூபாய் அணா போலப் பெருக்கியதன் விளைவு இது.

இதற்கு மாற்றாக ஃபஸி விதிகளை வைக்கலாம் என்று 1990களின் நடுவிலேயே ஆய்வுகள் வந்துவிட்டன. கடுமை மிக அதிகம், வாய்ப்பு ஓரளவு என்றால் அபாயம் அதிகம் என்று வாக்கியமாகவே எழுதிவிடுவது. தொழில்துறை மெதுவாகத்தான் அசைந்தது. அமெரிக்க, ஜெர்மன் வாகனத் துறை அமைப்புகள் சேர்ந்து 2019இல் வெளியிட்ட கையேடு, பெருக்கல் எண்ணைக் கைவிட்டு, கடுமைக்கு முதலிடம் கொடுத்து, அதிகம், நடுத்தரம், குறைவு என்று முன்னுரிமை சொல்லும் அட்டவணையைக் கொண்டுவந்தது. என் பார்வையில் அது பாதி வழி. விதிகள் வந்துவிட்டன, படிப்படியாக மாறும் அளவு இன்னும் வரவில்லை. இருந்தாலும் நல்ல மாற்றம். இந்த அட்டவணையும் பல இடங்களில் ஆடிட்டுக்கு முதல் வாரம் ஏசி அறையில் உட்கார்ந்து நிரப்பப்படுகிறது என்பது உங்களில் பலருக்குத் தெரியும். நீங்கள் சிரிப்பதிலிருந்தே தெரிகிறது. நிரப்பும் மேசையில் லைன் ஆபரேட்டருக்கு நாற்காலி இருந்ததா என்பதை ஆடிட்டர் முதல் கேள்வியாகக் கேட்க வேண்டும்.

சென்னை ஐ.ஐ.டி.யில் கணிதம் கற்பித்த பேராசிரியர் டபிள்யூ.பி. வசந்தா கந்தசாமி இந்தக் கேள்விக்கு வேறொரு திசையிலிருந்து வந்தார். எது எதைத் தூண்டுகிறது என்று வரைந்து காட்டும் ஃபஸி அறிதல் வரைபடங்களை பார்ட் கோஸ்கோ 1986இல் முன்வைத்தார். அவற்றை அவர் தமிழ்நாட்டுச் சமூகச் சிக்கல்களுக்குப் பயன்படுத்தினார். எச்.ஐ.வி. பாதித்த புலம்பெயர் தொழிலாளர் பற்றிய நூல் 2004இல் வந்தது. தீண்டாமை குறித்த பெரியாரின் கருத்துகளையும் இதே கணிதத்தால் ஆராய்ந்து 2005இல் ஒரு நூல் வந்தது. அந்த வேலையில் எனக்குப் பிடித்தது, பாதிக்கப்பட்டவரின் வாக்குமூலத்தையே கணிதத்தின் மூலப்பொருளாக எடுத்துக்கொண்ட துணிச்சல். நிபுணர் என்றால் கோட்டுப் போட்டவர் என்ற எண்ணத்தை அது உடைத்தது. முடிவுகளோடு எல்லா இடத்திலும் உடன்படாதவர்களும் இதை ஒப்புக்கொள்ளலாம்.

இப்போது நம் தொழில் வழித்தடத்துக்கு வருவோம். ஹூண்டாய் இங்கே உற்பத்தியைத் தொடங்கியது 1998இல். பிறகு கண்ணாடி, டயர், லாரி, மோட்டார் சைக்கிள், கைப்பேசி எல்லாம் வந்தன. இந்த ஆண்டுகளில் லட்சக்கணக்கான கைகள் இந்த லைன்களில் பழகியிருக்கின்றன. கண்ணாடியின் கோணலை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துச் சொல்லும் கண், பெயின்ட் பூத்தில் ஈரப்பதம் ஏறியதை மூக்கால் உணரும் ஆள், ஸ்க்ரூ இறுகும் சத்தத்திலேயே த்ரெட் போனதைக் கண்டுபிடிக்கும் பெண் என்று எல்லோரும் இருந்தார்கள், இருக்கிறார்கள். நோக்கியா 2006இல் தொடங்கிய ஆலையில் 2014 நவம்பர் 1ஆம் தேதி உற்பத்தி நின்றது. ஆயிரக்கணக்கானோர் கலைந்து போனார்கள். இயந்திரங்களுக்குக் கணக்கு இருந்தது, கட்டடத்தைப் பின்னால் வேறொரு நிறுவனம் வாங்கியது. அந்தக் கைகளுக்குத் தெரிந்ததற்கு எந்தப் பேரேட்டிலும் பக்கம் இல்லை.

மூடாத ஆலைகளிலும் நிலைமை பெரிதாக மாறுபடவில்லை. டிரெய்னி, அப்ரெண்டிஸ், காண்ட்ராக்ட் என்ற பெயர்களில் வருகிறவர்கள் ஓரிரு ஆண்டுகளில் போய்விடுகிறார்கள். கூலிக் கணக்கில் இது மிச்சம். ஒரு லைனின் பக்குவம் கையில் ஏறும் நேரத்தில் அந்தக் கையை அனுப்பிவிட்டு, அடுத்த ஆண்டு 'செயற்கை நுண்ணறிவு' வாங்க நிதி ஒதுக்குவது எனக்குப் புரியாத கணக்கு. மென்பொருளை எங்கிருந்தும் வாங்கலாம். விதியை யாரிடம் கேட்பீர்கள்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அமைப்பு சொன்னது, நாங்கள் செய்தோம் என்று யாரும் தப்பிக்கக்கூடாது. ஸ்டான்ஃபோர்டில் 1970களில் உருவான மைசின் என்ற நிபுணர் அமைப்பு, தொற்றுநோய்க்கு எந்த மருந்து என்று சொல்வதில் நன்றாகவே தேறியது. ஆனால் மருத்துவமனையின் அன்றாட வேலைக்கு அது வரவே இல்லை. தவறு நேர்ந்தால் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி அதற்கு ஒரு காரணம். ஃபஸி அமைப்பு ஒரு துணை. 8,000 கன அடி என்று அது சொல்லும். திறக்கும் உத்தரவில் கையெழுத்து ஒரு மனிதருடையதாக இருக்க வேண்டும். அவர் அதை மீறி 12,000 திறந்தால், ஏன் மீறினார் என்று ஒரு வரி எழுதி வைக்க வேண்டும். மீறல்கள் சேரச் சேர அவற்றிலிருந்தே அடுத்த விதிகள் கிடைக்கும்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இறுதியாண்டு புராஜெக்டுக்கு இணையத்திலிருந்து தரவுத் தொகுப்பை இறக்கி மாதிரி ஓட்டுவதை ஓராண்டு தள்ளி வையுங்கள். பக்கத்துச் சிறு பட்டறையில் அனுமதி கேட்டு, ஒரு ஃபிட்டரோடு பகல் ஷிஃப்டும் இரவு ஷிஃப்டும் உட்கார்ந்து இருபது விதி எழுதிக்கொண்டு வாருங்கள். கணக்கு எளிது, பள்ளிச் சராசரிதான். அந்த இருபது விதி கிடைப்பதுதான் பாடு.

ஆலை நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அப்படி எழுதப்படும் ஒவ்வொரு விதிக்கும் கீழே அதைச் சொன்னவரின் பெயரும் சொன்ன தேதியும் இருக்கட்டும். அதற்குரிய தொகை அவருடைய சம்பளச் சீட்டில் தனி வரியாக ஏறட்டும். அவர் காண்ட்ராக்ட் தொழிலாளியாக இருந்தாலும் ஏறட்டும்.